வழுக்கும் வண்டியும் வயிற்றுப் பிழைப்பும்

"போன வாரம் திருவண்ணாமலைக்குப் போய் வந்தேன்" என்று நான் சொன்னால் நீங்கள் உடனே, "கிரிவலமா? கூட்டம் எப்படி? தங்க இடம் கிடைத்ததா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் நான் போனது அந்தத் திருவண்ணாமலைக்கு இல்லை!

தமிழ் நாட்டில் இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாலு கிலோ மீட்டர் தூரம். ஒரு சின்னக் குன்று. அதன் மேல் சீனிவாசப் பெருமாள். சுற்று வட்டாரத்து ஜனங்கள் இதைத் "தென் திருப்பதி" என்று கொண்டாடுகிறார்கள். திருப்பதிக்கு நேர்ந்து கொண்டு போக முடியாமல் போனவர்கள் இங்கே வந்து முடி இறக்கி, கடனைத் தீர்த்துக் கொள்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் படியில் கால் வைக்க இடம் கிடையாது.

நான் போனதும் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைதான். ஆனால் வேண்டுதலுக்காகப் போகவில்லை. ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கப் போனேன். வழக்கு, ஐந்து பவுன் சங்கிலி ஒன்றைப் பற்றியது. பிரதிவாதி என் அக்காள் மகன். சாட்சி, ஒரு பால்காரர். விசித்திரமாக இருக்கிறதல்லவா? முதலிலிருந்தே சொல்லி விடுகிறேன்.

அக்காளின் அழைப்பு

என் அக்காள் இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை ஒன்று, பெண் ஒன்று. பிள்ளை பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படித்து முடித்து விட்டு வீட்டில் இருக்கிறான். பெண் பிளஸ் டூ படிக்கிறாள்.

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அக்காள் போனில் அழைத்தாள். குரல் சரியில்லை.

"தம்பி, நீ உடனே புறப்பட்டு வா. இவன் என்னமோ டிரிஃப்டு, டிரிஃப்டுங்கிறான். காரை வழுக்கி வழுக்கி ஓட்டுறதாம். அதையே தொழிலா வச்சுக்கப் போறானாம்! பழைய கார் ஒண்ணு வாங்க, பெட்டியிலே இருக்கிற சங்கிலியை வித்துத் தாங்கறான். அது பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கிறதுடா!"

"அத்தான் என்ன சொல்கிறார்?"

"அவரு எப்ப பேசினாரு, இப்ப பேச!"

மறுநாள் சாயங்காலம் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போதே மேற்கே மலைத் தொடர் நீல நிறத்தில் எழுந்து நின்றது. அடுத்த ஸ்டேஷன் இராஜபாளையம்.

இராஜபாளையத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை வெளேரென்ற வேட்டை நாய்க்குப் பெயர் போன ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இங்கே நூல் மில்லைத் தொடங்கிய பிறகு, பஞ்சும் நூலுமாகவே ஊர் வளர்ந்து விட்டது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்கிறார்கள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காள் ஆரம்பித்து விட்டாள். "இவன் ஓட்டுற ஓட்டத்துக்குச் சத்திரப்பட்டித் துணி அத்தனையும் கொண்டாந்தாலும் கட்டுப் போடக் காணாது!"

மருமகன் காப்பி டம்ளரைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்து விட்டுத் தலை குனிந்து நின்றான். நல்ல பையன். அவனை வீட்டுக்குள் வைத்துக் கொண்டு பேசினால் பேச்சு நடக்காது, சண்டைதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. "வாடா, சனிக்கிழமையாயிற்றே, திருவண்ணாமலைக்குப் போய் வரலாம்" என்றேன். "நானும் வர்றேன் மாமா" என்று தங்கையும் பாவாடையைத் தட்டிக் கொண்டு எழுந்து விட்டாள். மூவரும் பஸ் ஏறினோம்.

சறுக்குவதும் ஒரு வித்தை

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம். குளத்தங்கரையில் மொட்டைத் தலைகள் வெயிலில் பளபளத்தன. துளசி மாலைக் கடை, பொரி கடலைக் கடை, பலூன்காரர் எல்லாம் உண்டு. கூட்டத்தோடு படி ஏறிக் கொண்டே, "சரி, முதலில் எனக்குப் பாடம் சொல். இந்த டிரிஃப்டிங் என்பது என்ன?" என்று கேட்டேன்.

பையன் முகம் மலர்ந்தது. யாரும் இதுவரை அவனை அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது!

"சாதாரணமா வளைவிலே திரும்பும்போது நாலு டயரும் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், மாமா. டிரிஃப்டிங்கிலே வேணும்னே பின் சக்கரம் ரெண்டும் பிடி விட்டுப் போகும்படி செய்யணும். வண்டியோட வால் வெளியே வீசும். அப்போ ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கணும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு, வண்டி சுத்திப் போகாமலும் நேராகி விடாமலும், குறுக்கு வாட்டிலேயே வளைவு முழுக்கக் கொண்டு போகணும்."

"யார் முதலில் வருகிறாரோ அவருக்குப் பரிசா?"

"அதான் இல்லை! இதுலே கடிகாரம் முக்கியமில்லை. எந்தப் பாதையிலே போனான், எவ்வளவு கோணத்திலே சாய்ச்சான், எவ்வளவு அழகா ஓட்டினான்னு நீதிபதிகள் உட்கார்ந்து மார்க் போடுவாங்க. அப்புறம் ரெண்டு ரெண்டு வண்டியா விடுவாங்க. ஒண்ணு முன்னாலே போகும். இன்னொண்ணு அதை ஒட்டிக்கிட்டே பின்னாலே போகணும்."

ஆக, ஓட்டப் பந்தயத்தைவிட நாட்டியப் போட்டிக்குத்தான் இது அதிகம் சொந்தம் என்று தெரிந்து கொண்டேன். என்ஜின் பலம் பின் சக்கரத்துக்குப் போகிற வண்டி வேண்டும் என்றும் சொன்னான். நம் அம்பாஸடரும் பியட் பத்மினியும் அப்படிப்பட்டவை. 1983-இல் வந்த மாருதி 800 முன் சக்கரத்தால் இழுக்கிற வண்டி. அதற்குப் பிறகு நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த ஜாதிதான். எனவே இதற்கென்று வண்டி தேடிப் பிடிக்கவே காசு வேண்டும்.

நானும் வெறுங்கையோடு வரவில்லை, நேயர்களே. ரயிலில் தூக்கம் வராமல் இதைப் பற்றிப் படித்துக் கொண்டே வந்திருந்தேன். ஆகவே இரண்டாவது வளைவுப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் என் பாடத்தை ஆரம்பித்தேன்.

இந்த வித்தை ஜப்பானில் பிறந்தது. 1970-களில் குனிமிட்சு தகஹாஷி என்பவர் கார்ப் பந்தயங்களில் வளைவுகளைச் சறுக்கியே கடந்து ஜனங்களை மயக்கினார். அவர் அதற்கு முன் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-இல் 250 சி.சி. கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜெயித்த முதல் ஜப்பானியர் அவர்தான். அவரைப் பார்த்துக் கிறங்கிப் போன இளைஞர் கெயிச்சி சுச்சியா. மலைப் பாதைகளில் பழகிப் பழகி, "டிரிஃப்ட் ராஜா" என்று பட்டப் பெயர் வாங்கினார். 1987-இல் மலைப் பாதையில் தாம் சறுக்கி ஓட்டுவதைப் படம் பிடித்து வெளியிட்டார். அதனால் அவருடைய பந்தய லைசென்ஸ் கொஞ்ச காலம் பறிபோனது.

"பார்த்தீங்களா மாமா, அவரும் ரோட்டிலேதான் ஆரம்பிச்சார்!"

"முழுக்கக் கேள். 1995-இல் பிரான்ஸில் லெமான் என்ற 24 மணி நேரப் பந்தயம். அதில் குருவான தகஹாஷியும் சிஷ்யரான சுச்சியாவும் இன்னொருவரும் ஒரே ஹோண்டா காரை மாற்றி மாற்றி ஓட்டித் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்தார்கள். அந்தப் பந்தயத்தில் சறுக்கல் கிடையாது, நிதானம்தான். மற்றப் பந்தயங்களையும் முறையாகக் கற்றவர்தான் உன் டிரிஃப்ட் ராஜா."

பிறகு 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் டி1 கிராண்ட் பிரீ என்ற போட்டி வந்தது. 2004-இல் அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் என்ற போட்டித் தொடர் வந்தது. 2017-இல் உலக மோட்டார் பந்தய சம்மேளனமே டோக்கியோவில் சர்வதேச டிரிஃப்ட் கோப்பை ஒன்றை நடத்தியது. ஆக, விளையாட்டு என்ற அந்தஸ்து இதற்கு வந்து விட்டது. பிழைப்பு என்ற அந்தஸ்து வந்து விட்டதா என்பதுதான் கேள்வி.

பால் கொட்டிய கதை

சந்நிதியில் கூட்டம் நெருக்கியது. பெருமாள் நின்ற திருக்கோலத்தில் சேவை சாதித்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்து, காற்று வருகிற ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். மேற்கே மலைத் தொடர். அதன் காடுகளில்தான் சாம்பல் நிற அணில்களுக்கு 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள்; 2021-இல் அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. இன்னொரு பக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். 192 அடி உயரம், பதினோரு நிலை. தமிழ் நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கை, "அண்ணே, மாமாகிட்ட பால்காரர் விஷயத்தைச் சொல்லு" என்றாள்.

பையன் கோபுரத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்துச் சொன்னான்.

இரண்டு மாதத்துக்கு முன், சிநேகிதன் ஒருவனுடைய பழைய வேனை எடுத்துக் கொண்டு நாலு பேராகப் போயிருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஆள் நடமாட்டம் இல்லாத தோப்புச் சாலை. ஈரத் தரையில் வண்டி சுலபமாக வழுக்கும் அல்லவா? இரண்டு தடவை நன்றாக வந்ததாம். மூன்றாவது தடவை வளைவில் எதிரே சைக்கிளில் ஒரு பால்காரர். இரண்டு பக்கமும் கேன். அவர் சட்டென்று ஓடையோரம் ஒடித்து விழுந்தார். வண்டி அவரைத் தொடவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கேன் இரண்டும் கவிழ்ந்து விட்டன.

"பால் எல்லாம் ஓடையிலே போச்சு, மாமா. அவரு எங்களைத் திட்டவே இல்லை. காலிக் கேனை எடுத்து வச்சுட்டு, 'தம்பி, இது பால்கோவாவுக்குப் போற பாலுப்பா. நான் இன்னைக்கு என்ன சொல்லுவேன்?'னு மட்டும் கேட்டாரு. நாங்க கையிலே இருந்ததைச் சேர்த்துக் குடுத்தோம். அவரு எண்ணிப் பார்த்து, பாலுக்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் குடுத்துட்டாரு."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதை நாம் பத்திரிகையில் படித்துச் சந்தோஷப்பட்டோம். அந்தப் பெயர் இப்படிப்பட்ட மனிதர்களின் சைக்கிளில்தான் தினமும் போய்க் கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை" என்றான் பையன். "அதனாலேதான் மாமா, ரோட்டிலே வேண்டாம், முறையா மைதானத்திலே போய்க் கத்துக்கணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் பணம் கேட்டேன். அம்மாகிட்ட இதைச் சொல்ல முடியலை."

பாருங்கள்! வீட்டில் எல்லோரும் அவன் ஆணவத்தால் சங்கிலியைக் கேட்டான் என்று நினைத்துக் கொண்டிருந்தோம். அவனோ பயந்து போய்த்தான் கேட்டிருக்கிறான்.

இருந்தாலும் சட்டத்தை அவனுக்குச் சொல்லாமல் விடவில்லை. பொது ரஸ்தாவில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவுப்படி முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபாயகரமாக ஓட்டுவதற்கு 184-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றோருக்கே மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தாய்மார்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

நம் ஊர் மோட்டார் வீரர்கள்

"நாராயண் கார்த்திகேயன் இல்லையா, மாமா? அஜித் சார் இல்லையா?" என்று பையன் கேட்டான்.

உண்டு. மோட்டார் பந்தயத்தில் தமிழ் நாடு யாருக்கும் இளைத்தது அல்ல. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஆரம்பித்தது. யுத்த காலத்து விமான தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. ஜனங்கள் கட்டுச் சோற்றுடன் போய்ப் பார்ப்பார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக் கோட்டையில் கிளப்பின் சொந்த ஓடுபாதை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத் திடலைச் சுற்றி, மின்சார விளக்கு வெளிச்சத்தில், ராத்திரியில் நகர வீதியிலேயே ஃபார்முலா 4 பந்தயம் ஓடியது.

கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். மில் முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை. தாம் பந்தயம் ஓட்டியதோடு நிற்காமல், மாருதி 800 என்ஜினை வைத்துச் சல்லிசான பந்தயக் கார்களைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று அவற்றுக்குப் பெயர். பணக்காரர் அல்லாத பிள்ளைகளும் பந்தயம் பழக அது வழி செய்தது. 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ஓடுபாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் டயர்க் கோளாறு பயந்து 14 கார்கள் விலகிக் கொண்டன. ஆறே கார்கள் ஓடின. அவர் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். டயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம், பார்த்தீர்களா? அவருக்குப் பிறகு 2010-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார்.

"சரி. ஆனால் கவனி" என்றேன். "நாராயணின் தகப்பனார் ராலி வீரர். கருணின் தாத்தா, சென்னைக் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அஜித்குமார் சினிமாவில் பெயரும் பொருளும் சம்பாதித்தவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிப் பந்தயத்தில் அவருடைய கோஷ்டி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நாடே கொண்டாடியது. மோட்டார் பந்தயம் இவர்களுக்குப் பெயர் கொடுத்தது, வாஸ்தவம். ஆனால் முதல் சோறு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?"

பெண் குறுக்கிட்டாள். "பொம்பிளைங்க யாரும் இல்லையா, மாமா?"

இல்லாமல் என்ன! சென்னை அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர். பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பெங்களூர் ஐஸ்வர்யா பிஸே 2019-இல் மோட்டார் சைக்கிள் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் ஜெயித்தார். இதைக் கேட்டதும் அவள் அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்!

டயர்க் கணக்கு

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பொரி கட்டிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து, பெண்ணிடம் பேனாவைக் கொடுத்து, "கணக்கு எழுது" என்றேன்.

சறுக்குவது என்றால் டயரைத் தேய்த்துப் புகையாக்குவது. ஒரு நாள் பயிற்சிக்குப் பின் டயர் ஆறு போகும் என்று அவனே ஒப்புக் கொண்டான். ஒரு டயர் 5,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஒரு நாளைக்கு 30,000. மாதம் இரண்டு நாள் பழகினால் 60,000. வருஷத்துக்கு 7,20,000 ரூபாய்! தேய்ந்த டயரைப் பாதி விலைக்கு வாங்கினாலும் 3,60,000. இதில் பெட்ரோல் இல்லை; ஓடுபாதை வாடகை இல்லை; ஹெல்மெட், நெருப்புப் பிடிக்காத உடுப்பு, வண்டிக்குள் இரும்புக் கூண்டு, பந்தய சம்மேளன லைசென்ஸ் எதுவும் இல்லை. வண்டியை இங்கிருந்து கோவைக்கோ சென்னைக்கோ ஏற்றிக் கொண்டு போகிற லாரிக் கூலியும் இல்லை.

"இப்போது வரவைச் சொல்" என்றேன்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். பரிசுப் பணம்: நம் தேசத்தில் ராலிக்கும் சுற்றுப் பந்தயத்துக்கும் இருப்பது போல் வேரூன்றிய போட்டித் தொடர் டிரிஃப்டிங்குக்கு இல்லை, எப்போதாவது ஒரு போட்டி, ஒரு காட்சி. விளம்பரக் கம்பெனிகள்: பெயர் வந்த பிறகுதான் வருவார்கள். சினிமா: கோடம்பாக்கத்தில் சண்டைப் பயிற்சிக்காரர்களின் சங்கம் இருக்கிறது, அதில் நுழைவது வேறு ஒரு மலை. வீடியோ எடுத்துப் போடுவது: பார்க்கிறவர்கள் லட்சக் கணக்கில் இருந்தால் உண்டு.

வெளிநாட்டிலும் கதை அதிகம் வித்தியாசமில்லை. பெரிய போட்டிகளில் ஓட்டுகிறவர்களுக்கே பரிசுப் பணம் டயருக்குக் காணாது. டயர்க் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் தாங்கினால்தான் வண்டி ஓடும். பலர் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்து, மற்றவர்களின் வண்டியைத் தயார் செய்து கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள்.

பெண் காகிதத்தின் அடியில் கோடு போட்டாள். செலவுப் பக்கம் நிரம்பியிருந்தது. வரவுப் பக்கத்தில் "எப்போதாவது" என்று ஒரே வார்த்தைதான் இருந்தது.

பையன் கண் கலங்கி விட்டது. எனக்கும் மனசு என்னவோ போல் ஆயிற்று. கணக்குப் போடுவது சுலபம், நேயர்களே. கணக்குப் போட்டு ஒரு பிள்ளையின் ஆசையைக் கொன்று விட்டு எப்படிப் படி இறங்குவது?

தேர் திரும்பும் இடம்

திரும்பும்போது ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். அதன் பெரிய தேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தமிழ் நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. ஆடிப் பூரத்தன்று ஆயிரக் கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள். மரச் சக்கரம் இருந்த காலத்தில் நிலைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும் என்பார்கள். இப்போது இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்து விட்டன.

தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. பிறகு எப்படி வீதி முனையில் திரும்புகிறது? சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத்தான்! ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஆட்கள் குனிந்து நடப்பார்கள். எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டையைக் கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணம் தவறினால் கை போய் விடும். நாமெல்லோரும் அம்பாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்ளும்போது, அவர்கள் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

தேரடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சிறு வயதில் கட்டை போட்டவராம்.

"இதுலே என்ன கிடைக்கும், ஐயா?"

அவர் சிரித்தார். "வேட்டி துண்டு குடுப்பாங்க. பிரசாதம் குடுப்பாங்க. வயித்துக்குத் தச்சு வேலை இருந்துச்சு. வருஷம் பூரா உளி பிடிச்ச கையி. அதனாலேதான் அந்த ஒரு நாளு கட்டை பிடிச்சப்போ நடுங்கலே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் அந்தக் கைகளையே பார்த்துக் கொண்டிருந்தான். வெகு நேரம் கழித்து அவனாகவே கேட்டான்: "மாமா, வண்டியைக் கட்டுற வேலைக்கு ஆள் எடுப்பாங்களா?"

எடுப்பார்கள்! இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஸ்டீரிங் பிடிக்கிறவர் ஒருவர் என்றால், அந்த வண்டிக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர். கோவையிலும் சென்னையிலும் பந்தய வண்டிகளைத் தயார் செய்யும் ஒர்க் ஷாப்புகள் இருக்கின்றன. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 1982 முதல் பந்தயப் பிரிவு வைத்திருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., டயர்க் கம்பெனியாக வளர்ந்து, பந்தயங்களையே நடத்தியது. சென்னைக்கு வெளியே ஓரகடத்தில் மோட்டார் பரிசோதனை நிலையமும் அதற்கான ஓடுபாதைகளும் உள்ளன. புது வண்டியை ஓட்டி, அதன் பிடிப்பையும் பிரேக்கையும் சோதித்துச் சொல்வது அங்கெல்லாம் மாதச் சம்பளத்து உத்தியோகம். வண்டி எந்த இடத்தில் பிடி விடும் என்று தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு. இராஜபாளையத்துப் பாலிடெக்னிக் பையனுக்கு எட்டாத கனியல்ல அது.

பெட்டிக்குத் திரும்பிய சங்கிலி

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. பால்காரர் கதையைப் பையனே தாயாரிடம் சொன்னான். அக்காள் முதலில் தலையில் அடித்துக் கொண்டாள். பிறகு அவன் தோளைத் தொட்டு, "உனக்கு ஒண்ணும் அடி படலையே?" என்று கேட்டாள். தாயார் என்றால் அப்படித்தானே!

தீர்மானம் இது: பையன் கோவையில் ஏதாவதொரு பந்தய ஒர்க் ஷாப்பில் சேர்ந்து மூன்று வருஷம் கை வேலை கற்க வேண்டும். லீவு நாளில் செட்டிபாளையம் ஓடுபாதைக்குப் போய்க் கொடி பிடிக்கிற வேலை கிடைத்தாலும் செய்ய வேண்டும். டிரிஃப்டிங் பழகுவது தன் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டுதான்; அதுவும் ஓடுபாதைக்குள்தான். மூன்று வருஷம் கழித்து, வரவுப் பக்கத்தில் "எப்போதாவது" என்ற இடத்தில் ஒரு தொகை எழுத முடிந்தால் மறுபடி பேசலாம்.

"அப்போ சங்கிலி பத்திரமா பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கும்" என்று அக்காள் பெருமூச்சு விட்டாள்.

"அம்மா," என்றாள் பெண், "எல்லாரும் அந்தச் சங்கிலியைப் பத்திப் பேசுறீங்களே, என்னைக் கேட்டீங்களா? அதை டயராக்கவும் வேண்டாம், கல்யாணத்துக்குன்னு பூட்டி வைக்கவும் வேண்டாம். நான் என்ஜினீயரிங் படிக்கப் போறேன். பீஸ் கட்டத் தேவைப்பட்டா அதுக்கு எடுங்க."

கூடத்தில் சத்தமே இல்லை. நாங்கள் எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். இருபத்தெட்டு வருஷம் மில்லில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை செய்து, பேசவே மறந்து போனவர் அவர். மெதுவாக எழுந்து, சங்கிலி இருந்த பெட்டியின் சாவியை எடுத்து வந்து, மகள் கையில் வைத்து விட்டுப் போய்ப் படுத்துக் கொண்டார்.

சகோதரிகளே, நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு புதுப் பெயர் கொண்ட தொழிலைச் சொல்லிக் கொண்டு வந்து நிற்கலாம். எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லி விடாதீர்கள். காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, வரவு செலவை அவனையே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான ஓர் இடத்துக்கு அழைத்துக் கொண்டு போய் எழுதச் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் அதற்குத் திருவண்ணாமலைப் படிக்கட்டு வெகு சௌகரியம்.

மறுநாள் நான் ரயிலேறும்போது பையன் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தான். பால்கோவா. "அந்தப் பால்காரர் பால் ஊத்துற கடையிலே வாங்கினது, மாமா. அவரைப் பார்த்துப் பேசிட்டு வந்தேன்" என்றான்.

இவ்வளவு ருசியான பால்கோவாவை நான் சாப்பிட்டதே இல்லை!